தலைக்கு மேல் ஒரு சாண்

மொட்டை மாடியில் முதலில் செத்தது ஒரு காக்கா. சுவரோரத்து இரும்புக் குழாயில் வந்து உட்கார்ந்து, சோம்பல் முறிப்பதுபோல் ஒரு சிறகை மேலே விரித்தது. 'டப்' என்று ஒரு சத்தம். காக்கா இருந்த இடத்தில் காக்காவைவிடக் கறுப்பாக ஏதோ கிடந்தது. அதைத் தின்னப் போன பூனை, அதே குழாயில் ஏறி நின்று, சந்தோஷத்தில் வாலைத் தூக்கியது. அதற்கும் அதே மரியாதை கிடைத்தது.

மூன்றாவது யார் என்பதுதான் மெத்தைக்காரரின் கவலை. ஏனென்றால் பூனைக்கு அடுத்தபடியாக அந்த மாடியிலேயே கிடப்பவள் அவர் மனைவி.

தெருமுனைக் கம்பத்தில் ஒரு லாரி மோதியதால் வந்த வினை அது. கம்பம் விழவில்லை. விழுந்திருந்தால் மாற்றித் தொலைத்திருப்பார்கள். குடித்தவன் சிநேகிதன் தோளில் சாய்வதுபோல் பக்கத்துச் சுவரில் சாய்ந்துகொண்டது. அது சாய்ந்ததில், வானத்தோடு வானமாகப் போய்க்கொண்டிருந்த உயர் அழுத்தக் கம்பி தொய்ந்துபோய், மெத்தைக்காரர் வீட்டு மாடியின் குறுக்கே துணி காயப்போடும் கொடிபோலத் தொங்கியது.

மெத்தைக்காரர் குள்ளம். கம்பி அவர் தலைக்கு மேலே தாராளமாகப் போகும். மனைவி நெட்டை. தெருவில் அவளுக்கு நெட்டையம்மா என்றே பெயர். கல்யாணத்தன்று போட்டோக்காரர் மாப்பிள்ளையை இரண்டு தலையணை மேல் ஏற்றி நிறுத்தித்தான் இருவரையும் ஒரே படத்துக்குள் கொண்டுவந்தார். அவள் மாடியில் நிமிர்ந்து நின்றால், தலைக்கும் கம்பிக்கும் நடுவில் ஒரு சாண். அந்த ஒரு சாணையும் எட்டிப் பிடித்துவிட வேண்டும் என்பதுபோல் அவள் முடியெல்லாம் மேல்நோக்கி எழுந்து நிற்கும்.

மெத்தைத் தொழில் வெயிலை விட்டுப் பிழைக்காது. பழைய மெத்தையைப் பிரித்து, பஞ்சை மாடியில் பரப்பி, மூங்கில் கழியால் அடித்து, காயவைத்து, மறுபடி அடைத்துத் தைக்க வேண்டும். அடிப்பது அவள் வேலை, நீளக் கை என்பதால். இப்போது மண்டிபோட்டு அடித்தாள். எழ வேண்டுமென்றால் படிக்கட்டுவரை தவழ்ந்து வந்து, இரண்டு படி இறங்கி, அதற்கப்புறம்தான் எழுந்தாள். பழக்க தோஷத்தில் ஒருநாள் சட்டென்று எழுந்து நின்று, கழியோடு கையைத் தூக்கிவிட்டால்?

மெத்தைக்காரர் மின்சார அலுவலகத்துக்குப் போனார். அங்கே இருந்தவர் பொறுமையாகக் கேட்டார். கம்பி கண்ணுக்குத் தெரிகிறதா என்றார். நன்றாகவே தெரிகிறது என்றார் மெத்தைக்காரர்.

"தெரியுதுல்ல? அப்புறம் என்னங்க? ஒதுங்கிப் போக வேண்டியதுதானே."

பிறகுதான் விஷயத்தை விளக்கினார். முன்பு இரண்டு வாரியங்கள் இருந்தனவாம். கண்ணுக்குத் தெரிகிற அபாயங்களுக்கு ஒன்று, தெரியாத அபாயங்களுக்கு ஒன்று. மக்களுக்குத்தான் கண் இருக்கிறதே, முதலாவது எதற்கு என்று அதை மூடிவிட்டார்கள். மிச்சமிருப்பது கண்ணுக்குத் தெரியாத அபாயங்கள் வாரியம் மட்டும். கம்பியிலிருந்து ஏதாவது கண்ணுக்குத் தெரியாமல் வந்தால் சொல்லுங்கள், அவர்கள் பறந்து வருவார்கள் என்றார்.

கண்ணுக்குத் தெரியாததைக் கண்டுபிடித்தவன் மச்சான். நெட்டையம்மாவின் தம்பி. ஊர் வம்பை எல்லாருக்கும் முன்னால் பிடித்துவிடுவதால் அவனுக்கு ஆண்டெனா என்று பட்டப்பெயர். ஒருநாள் பொழுது சாயும் நேரத்தில், எரிந்துபோன டியூப் லைட்டைத் தூக்கிப் போட மனமில்லாமல் மாடியில் வைக்கப் போனவன், கையிலிருந்த டியூப் லேசாக ஒளிர்வதைப் பார்த்தான். ஒயர் இல்லை, சுவிட்சு இல்லை. கம்பிக்குக் கீழே வந்தால் எரிந்தது, தள்ளிப் போனால் அணைந்தது.

ஆண்டெனாவுக்குத் தெரிந்தால் தெருவுக்குத் தெரிந்த மாதிரி. மறுநாள் சாயங்காலம் ஆளுக்கொரு டியூபோடு மாடியில் கூட்டம். எரியும் டியூபை மூட்டில் தேய்த்தால் மூட்டுவலி போகிறது என்றது ஒரு கூட்டம். எதிர்வீட்டு ரிட்டயர்டு பேங்க் மேனேஜர், இது கதிர்வீச்சு, மூளையை அவித்துவிடும், ஆம்பளைப் பிள்ளைகளுக்கு இருபது வயதில் சொட்டை விழும் என்றார். அவருக்கு எந்த வயதில் விழுந்தது என்று ஒருவன் கேட்டான். அவ்வளவுதான். மேனேஜர் கையிலிருந்த டியூபை அவன் மண்டையில் உடைத்தார்.

டியூப் லைட் உடைந்தால் இவ்வளவு நல்ல ஆயுதம் என்று அந்தத் தெருவுக்கு அதுவரை தெரியாது. மாடியில் தொடங்கியது படிக்கட்டில் உருண்டு தெருவுக்கு இறங்கியது. பால்காரரின் காதில் பாதி போயிற்று. மேனேஜரின் முன்பற்கள் போயின. மூட்டுவலிக்காக வந்தவர்கள், அந்த மூட்டாலேயே அடுத்தவர் வயிற்றில் இடித்தார்கள். ரத்தமும் கண்ணாடித் தூளும் பஞ்சில் ஒட்டி, பிரித்துப் போட்டிருந்த மெத்தைகள் எல்லாம் வீணாயின. நெட்டையம்மா தவழ்ந்துகொண்டே கழியைச் சுழற்றி, சிக்கிய முழங்காலையெல்லாம் அடித்து மாடியைக் காலி செய்தாள். கட்சி பார்க்காமல் அடித்தது அவள் ஒருத்திதான்.

வாரியம் பறந்து வந்தது.

வெள்ளி நிறத்தில் தலை முதல் கால்வரை மூடிய உடுப்போடு வண்டி வண்டியாக இறங்கினார்கள். முன்னால் வந்தவர் துணைத்தலைவர், ஆறடி உயரம். வேலை தொடங்குமுன் எல்லோரும் கண்ணை மூடிக்கொள்வது வாரியத்தின் மரபு. கண்ணுக்குத் தெரியாததற்குச் செலுத்தும் மரியாதை. படிக்கட்டில் நின்றுகொண்டே அந்த மரியாதையைச் செலுத்திய ஓர் ஊழியர் உருண்டு விழுந்து தோள்பட்டையை முறித்துக்கொண்டார். படிக்கட்டு கண்ணுக்குத் தெரிகிற பொருள் என்பதால் வாரியத்தின் வண்டியில் அவரை ஏற்ற விதி இடம் தரவில்லை. மெத்தைக்காரர் தள்ளுவண்டியில் வைத்து ஆஸ்பத்திரிக்குத் தள்ளிக்கொண்டு போனார்.

திரும்பி வந்தபோது தெரு முழுக்கக் கரண்ட் இல்லை. துணைத்தலைவர் கருவியை நீட்டி அளந்துகொண்டிருந்தார். பூஜ்ஜியம் என்றார். ஊழியர்கள் கைதட்டினார்கள்.

"கரண்டே இல்லையே சார், இப்ப அளந்தா?" என்றார் மெத்தைக்காரர்.

"ஊழியர் பாதுகாப்புதான் எங்களுக்கு முதல் கடமை. கரண்ட் ஓடும்போது அளந்தா இவங்க உயிருக்கு யாருங்க பொறுப்பு?"

"அப்ப கரண்ட் ஓடினா உயிருக்கு ஆபத்து இருக்கா சார்?"

"இப்பதான் உங்க முன்னாலயே அளந்தேனே. ஒண்ணுமே வரலையே." துணைத்தலைவருக்கு அவர்மீது இரக்கம் வந்தது. "பயம் ஒரு வியாதிங்க. அதைத்தான் முதல்ல அளக்கணும்."

அவர்கள் கண்ணை மூடி மரியாதை செலுத்திவிட்டுப் போனார்கள். போனதும் கரண்ட் வந்தது. நெட்டையம்மாவின் முடி மறுபடி எழுந்து நின்றது.

அவர்கள் அளந்துவிட்டுப் போனதில் வேறொரு கேள்வி முளைத்தது. கம்பியிலிருந்து எதுவும் வெளியே வரவில்லை என்று வாரியம் சொல்லிவிட்டது. அப்படியானால் டியூப் எப்படி எரிந்தது? யாரோ மின்சாரத்தை எடுத்திருக்கிறார்கள். யாருடைய மாடியோ அவர்தான். திருட்டுத் தடுப்புப் படை வந்து இறங்கி, மெத்தைக்காரரைத் தெருவுக்கு இழுத்துப் போட்டு, அவருடைய மூங்கில் கழியாலேயே அடித்தது. பஞ்சு அடிக்கிற கழிக்கு ஒரு குணம் உண்டு. சத்தம் அதிகம் வராது, உள்ளே வரைக்கும் போகும். பஞ்சு இத்தனை வருஷம் பொறுத்துக்கொண்டதை நினைத்து அவருக்கே ஆச்சரியமாக இருந்தது.

கம்பியைத் தொடவே இல்லை சார் என்று அலறினார்.

"கம்பியைத் தொட்டு எடுத்தா சாதாரணத் திருட்டு," என்றார் படையின் அதிகாரி, அடிப்பதை நிறுத்தாமல். "தொடாமயே எடுத்திருக்க. எவ்வளவு திறமை இருந்தா செய்வ?"

நெட்டையம்மா மாடியிலிருந்து ஓடிவந்தாள். ஓடிவந்தாள் என்பது சரியில்லை. படிக்கட்டுவரை தவழ்ந்து, அப்புறம் ஓடினாள். அந்தத் தாமதத்தில் அவருக்கு இரண்டு விலா எலும்பு கூடுதலாக உடைந்தது. அதிகாரியின் கழுத்தைப் பின்னாலிருந்து பிடித்துத் தூக்கி, அவர் கால் தரையில் படாமல் கொஞ்சநேரம் வைத்திருந்தாள். அதன்பின் திருட்டு வழக்கு எச்சரிக்கையோடு முடிந்தது.

தெருவில் கட்சிச் சண்டை அடங்கவில்லை. தெருக்கோடியில் இருந்த செல்போன் டவரையும் சும்மா விடவில்லை. மூளை அவிந்துவிடும் என்ற கட்சி டவரின் கால்களை அறுக்கப் போயிற்று. சிக்னல் போய்விடும் என்ற கட்சி அறுக்கப் போனவர்களின் காலை ஒடித்தது. வாரியம் வேறு வழியில்லாமல் பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் என்று ஒன்றைக் கூட்டியது. வாரியத் தலைவரே வந்தார். அவர் எதைப் பேசினாலும் மேடைமேல் நின்றுதான் பேசுவார். வீட்டில் மனைவியிடம் பேசவும் ஒரு சின்ன மேடை உண்டு என்று ஆண்டெனா சத்தியம் செய்தான்.

"இந்த வாரியத்துல நான் முப்பது வருஷமா இருக்கேன்," என்று தலைவர் தொடங்கினார். "இதுவரைக்கும் ஒரு அபாயத்தைக்கூட நான் பார்த்ததில்ல. எங்க வேலையோட வெற்றி அதுதான். என்னைக்கு ஒரு அபாயம் கண்ணுக்குத் தெரியுதோ, அன்னைக்கு அது எங்க கையை விட்டுப் போயிடுது. காக்கா செத்துச்சுன்னு சொல்றீங்க. செத்த காக்கா கண்ணுக்குத் தெரியுது. அப்ப அது எங்க காக்கா இல்ல."

கைதட்டல் எழுந்தது. பின்வரிசையில் நெட்டையம்மா எழுந்தாள். உட்கார்ந்திருந்தவர்கள் நடுவே அவள் எழுந்தது, கூட்டத்தில் இன்னொரு தூண் முளைத்ததுபோல இருந்தது.

"கம்பியைத் தூக்கிக் கட்டுவீங்களா, மாட்டீங்களா?"

"அம்மா, கம்பி அரசாங்கச் சொத்து. நீங்க தனியார். யாரு யாருக்காகக் குனியணும்?"

யாரோ நாற்காலியை வீசினார்கள். எந்தக் கட்சி வீசியது என்று தெரிவதற்குள் எல்லா நாற்காலியும் காற்றில் இருந்தது. மேனேஜர் புதுப் பல்லையும் இழந்தார். பால்காரர் மிச்சமிருந்த காதைக் கையால் பொத்திக்கொண்டு, தலையாலேயே முட்டிச் சண்டை போட்டார். மேஜைக்கு அடியிலிருந்து ஒலிபெருக்கியில் தலைவரின் குரல் மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தது. பயத்தைப் போக்க நானே அந்த மாடிக்கு வருவேன், கம்பிக்குக் கீழே டியூபைக் கையில் பிடித்து எரியவைப்பேன், எனக்கு ஒன்றும் ஆகாததை நாடு பார்க்கட்டும் என்றது அந்தக் குரல்.

சொன்னபடி வந்தார். பின்னாலேயே பத்திரிகைக்காரர்கள், கேமராக்காரர்கள், வெள்ளி உடுப்பு ஊழியர்கள். பொழுது இறங்கிக்கொண்டிருந்தது. சண்டையில் பாழான பஞ்சுக்குப் பதிலாகப் புதுப் பஞ்சு மாடியெல்லாம் பரப்பியிருந்தது, வாடிக்கையாளர்களுக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டிய மெத்தைகளுக்காக. அதை ஓரமாகத் தள்ளிவிட்டு, இரண்டு பேர் தவழ்ந்து வந்து, கம்பிக்கு நேர் கீழே ஒரு மேடையை வைத்தார்கள்.

மெத்தைக்காரர் மேடையைப் பார்த்தார். தலைவரைப் பார்த்தார். தலைவர் நடுத்தர உயரம். மேடை முழங்கால் உயரம். கூட்டிப் பார்த்தால் நெட்டையம்மாவைவிடக் கொஞ்சம் கூடுதல்.

"சார், மேடை வேணாம் சார். கரண்டையாவது நிறுத்திடுங்க," என்றார். விலா வலியில் குரல் எழும்பவில்லை.

துணைத்தலைவர் அவரை ஒதுக்கினார். "அளக்கும்போதுதான் நிறுத்தணும்னு விதி. இது அளக்கிறது இல்ல, விளக்கம் குடுக்கிறது. கரண்ட் இல்லாம டியூப் எப்படிங்க எரியும்?"

தலைவர் தவழ்ந்து வரவில்லை. குனிந்துகூட வரவில்லை. மேடையில் ஏறினார். எண்ணெய் தடவி வாரியிருந்த அவருடைய முடி, ஒவ்வொன்றாகப் பிரிந்து எழுந்தது. கேமராக்காரர்கள் அதைப் பார்த்து ஒரு நல்ல படம் என்று முன்னால் நகர்ந்தார்கள். அவர் டியூபைக் கையில் வாங்கினார். அது பளிச்சென்று எரிந்தது. கூட்டம் 'ஓ' என்றது. அந்தச் சத்தத்தில் அவர் உச்சி குளிர்ந்து, எல்லோருக்கும் தெரியட்டுமென்று கையை மேலே தூக்கத் தொடங்கினார்.

"குனிங்க சார்," என்றாள் நெட்டையம்மா.

"நான் யாருக்கும் குனியறதில்ல."

அவள் மண்டிபோட்ட நிலையிலேயே மூங்கில் கழியைச் சுழற்றி, அவருடைய இரண்டு முழங்காலுக்கும் பின்னால் ஒரே வீச்சாக வீசினாள். வருஷக்கணக்காகப் பஞ்சு அடித்த கை. தலைவர் மடித்துவைத்த மெத்தைபோல மடிந்து விழுந்தார். கையிலிருந்து பறந்த டியூப், போகவேண்டிய இடத்துக்கு அவரில்லாமல் போய்ச் சேர்ந்தது.

இடி இறங்கியதுபோல ஒரு வெடி. நீலமாக ஒரு வெளிச்சம். எரிந்த கண்ணாடி மழையாகப் பொழிந்தது. அது விழுந்த இடம் பஞ்சு. பஞ்சில் நெருப்பு பிடித்தால் நடப்பதைப் பார்த்துக்கொண்டு நிற்க நேரம் கிடைக்காது. மாடி முழுக்க ஒரே மூச்சில் எரிந்தது. கேமராக்காரர் ஒருவர் கேமராவை முதலில் போட்டுவிட்டு அதன்மேலேயே குதித்தார். ஊழியர்களின் வெள்ளி உடுப்பு கண்ணுக்குத் தெரியாத எதையும் தாங்கும் என்று உத்தரவாதம் பெற்றது. நெருப்பு தெரிகிற வகை. உருகி உடம்போடு ஒட்டிக்கொண்டது. அவர்கள் அலறிக்கொண்டே தெருவில் குதித்தார்கள். கீழே நின்ற இரண்டு கட்சிக்காரர்களும் அவர்களைப் பிடிக்கிற சாக்கில் கொஞ்சம் அடித்தார்கள். துணைத்தலைவரின் பின்புறம் பற்றி எரிந்தது. நெட்டையம்மா தலைவரை ஒரு மெத்தையில் சுருட்டி, படிக்கட்டில் உருட்டிவிட்டு, பின்னாலேயே புருஷனைத் தோளில் போட்டுக்கொண்டு தவழ்ந்து இறங்கினாள்.

தலைவருக்குப் புருவம் மட்டும் போயிற்று.

அவரைக் கொல்ல முயன்றதாக அவளைப் பிடித்துக்கொண்டு போனார்கள். அடித்தது கேமராவில் பதிவாகியிருந்தது. அடிக்காமல் இருந்திருந்தால் நடந்திருக்கக்கூடியது எதிலும் பதிவாகவில்லை. நின்றுபோன மின்சாரத்தை அன்று ராத்திரியே சரிசெய்துவிட்டார்கள். அந்தத் தெரு அவ்வளவு வேகத்தைப் பார்த்ததே இல்லை. வெப்பத்தில் கம்பி இளகி, இன்னும் கொஞ்சம் இறங்கியிருந்தது.

கோர்ட்டில் கூட்டம். புகார் கொடுத்த வாரியத்தின் சார்பில் துணைத்தலைவர் வந்திருந்தார். உட்கார முடியாததால் நின்றார். நீதிபதி நல்ல மனிதர். குற்றம் பெரியதுதான், ஆனாலும் பெண், முதல் தடவை, கணவன் ஜாமீன் கேட்டால் இன்றே வீட்டுக்குப் போகலாம் என்றார்.

மெத்தைக்காரர் எழுந்து நின்றார். எழுந்தது யாருக்கும் தெரியாததால், எழுந்துவிட்டேன் என்று சொல்ல வேண்டியிருந்தது.

"ஜாமீன் வேணாம் சார். இவளை அங்கேயே வச்சுக்குங்க."

கோர்ட்டே அவரைக் காறித் துப்புவதுபோல் பார்த்தது. ஆண்டெனா, அக்காவை நடுத்தெருவில் விடுகிறாயா என்று பல்லைக் கடித்துக்கொண்டு மாமாவின் சட்டையைப் பிடித்தான். நீதிபதி காரணம் கேட்டார்.

"வீட்டுக்கு வந்தா மாடிக்குப் போவா சார். எரிஞ்ச மெத்தைக்கெல்லாம் புதுசு தைச்சுக் குடுக்கணும். போனா என்னைக்காவது ஒருநாள் மறந்துபோய் நிமிர்ந்திடுவா." கை எட்டும் மட்டும் மேலே தூக்கி அவள் உயரத்தைக் காட்டினார். "ஜெயில்ல கூரை உசரம்னு சொன்னாங்க. கம்பியைத் தூக்கிக் கட்டுற வரைக்கும் வச்சிருங்க."

ஆண்டெனா சட்டையை விட்டான். கம்பியை எப்போது தூக்கிக் கட்டுவீர்கள் என்று நீதிபதி துணைத்தலைவரைக் கேட்டார். கம்பி கண்ணுக்குத் தெரிகிறது என்றார் துணைத்தலைவர்.

நெட்டையம்மா கூண்டிலிருந்து குனிந்து புருஷனைப் பார்த்தாள்.

"நான் உள்ள இருந்தா பஞ்சை யாரு அடிப்பா?"

"நான்."

"மெத்தையைத் தூக்கித் துணிக்கொடியில யாரு போடுவா?"

அவர் கொடியின் உயரத்தை மனசுக்குள் அளந்தார்.

"ஸ்டூல் போட்டு ஏறுவீங்க. ஸ்டூல் மேல நின்னா நீங்களும் என் உசரம்தான். அது தெரியுமா உங்களுக்கு?"

அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. இத்தனை நாள் தனக்கு மேலே தாராளமாகப் போகிறது என்று நினைத்த கம்பி, அந்த இடத்திலேயே சரசரவென்று இறங்கி அவர் உச்சந்தலையைத் தொட்டது. அவர் அவளையே பார்த்தார். அவள் கண்ணால் துணைத்தலைவரைக் காட்டினாள். இத்தனை வருஷக் குடித்தனத்தில் அவள் கண்ணால் காட்டிய எதையும் அவர் எடுத்து வராமல் இருந்ததில்லை.

மெத்தைக்காரர் மெதுவாக நடந்துபோய்த் துணைத்தலைவரின் முன் நின்றார். இதுவரை எல்லோரிடமும் அடிவாங்கியே பழகியவர் என்பதால், எப்படித் தொடங்குவது என்று கொஞ்சம் யோசித்தார். மன்னிச்சுக்குங்க சார் என்றார். பிறகு விலா எலும்பைக் கையால் பிடித்துக்கொண்டு குதித்தார். ஆறடி மனிதரின் கன்னத்தை எட்ட அவருக்கு மூன்று தடவை குதிக்க வேண்டியிருந்தது. மூன்றாவதில் எட்டியது. அறைந்த சத்தம் கோர்ட் முழுக்கக் கேட்டது. துணைத்தலைவர் தடுமாறிப் பின்னால் சாய்ந்து, உட்காரக் கூடாத இடத்தால் பெஞ்சியில் உட்கார்ந்து, வாரியத்தின் வரலாற்றிலேயே பெரிய குரலில் அலறினார்.

போலீஸ்காரர் ஓடிவந்து மெத்தைக்காரரின் ஒரு கையைப் பிடிப்பதற்குள் அவர் இன்னொரு கையையும் நீட்டிவிட்டார். அவருக்கு முகமெல்லாம் சிரிப்பு.

"எதுக்குச் சிரிக்கிற?" என்றார் போலீஸ்காரர். "ஆம்பளைங்க ஜெயில் ஊருக்கு அந்தப் பக்கம். பொம்பளைங்க ஜெயில் இந்தப் பக்கம்."

அதை யாரும் அவரிடம் முன்பே சொல்லியிருக்கவில்லை. சிரிப்பு அப்படியே நின்றுபோக, மனைவியைப் பார்த்தார். அவள் போலீஸ்காரரிடம் கேட்டாள்.

"அந்த ஆம்பளைங்க ஜெயிலுக்கு மேல கம்பி ஏதாவது போகுதாங்க?"

போலீஸ்காரர் யோசித்தார். "கம்பி எதுவும் இல்ல. செல்போன் டவர் ஒண்ணு இருக்கு. கதிர்வீச்சுன்னு கைதிங்க எல்லாம் கத்துறாங்க."

"அந்த டவர் தலையில இடிக்குமா?"

"டவர் எப்படிம்மா தலையில இடிக்கும்?"

"அப்ப சரி," என்றாள் நெட்டையம்மா, புருஷன் பக்கம் திரும்பி. "நீங்க போயிட்டு வாங்க."